வாய் திறக்காத வேளை

நேற்று பெரியப்பா கஜபதியைக் கையில் ஜோசியர் கொடுத்த ஓர் எலுமிச்சம்பழத்தோடு விட்டுவிட்டு வந்தோம். இன்றைக்கும் அதே எலுமிச்சம்பழம்தான் கையில். கிழமை மட்டும் வெள்ளி ஆகிவிட்டது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வேலப்பேட்டை தொகுதியில் இந்த முறை எம்.எல்.ஏ. நாற்காலி காலி. இருந்தவர் முழங்கால் ஆபரேஷனைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொண்டார். ஆவடிப் பக்கம் பாதி, பூந்தமல்லிப் பக்கம் பாதியாகக் கிடக்கிற எங்கள் தொகுதி, ஒரு தேர்தலில் இந்தப் பக்கம் சாயும், அடுத்ததில் அந்தப் பக்கம் சாயும். போன முறை ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவில் இருந்த ஓட்டுக்காரர்களை ஒரே கல்யாண மண்டபத்தில் பந்தி போட்டு உட்கார வைத்துவிடலாம். பழைய ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், ஃபிளாட்டுக்காரர்கள் இன்னொரு பக்கம். நடுவில் பிழிந்தால் வருகிற நாலு சொட்டு ஓட்டுக்குத்தான் இவ்வளவு மைக் செட்.

எங்கள் கட்சி பெரியப்பாவுக்கு சீட் கொடுத்தது. மாங்காட்டு ஜோசியர் சம்பந்தம் பெரியப்பாவுக்கு ஒரு நிபந்தனை கொடுத்தார். தேர்தல் முடிகிறவரை ராகுகாலத்தில் வாயைத் திறக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், பேசக் கூடாது.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு யாரும் லீவே குடுத்ததில்ல. இப்பத்தான் தெனம் ஒன்றரை மணி நேரம் கெடைக்குது," என்றாள் பொன்னியம்மா பெரியம்மா. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் அவரிடம் மனசில் உள்ளதையெல்லாம் சொல்லுவாள்.

ஒவ்வொரு கட்சியும் ஒரு மாற்று வேட்பாளரையும் மனு கொடுக்கச் சொல்லும். வீட்டு ஜெனரேட்டர் மாதிரி. கரண்ட் போனால்தான் அதன் நினைப்பே வரும். வழக்கமாக மனைவியைப் போடுவார்கள். பெரியம்மா மனு கொடுக்கிற அலுவலகத்திலேயே சிரித்துவிடுவாள் என்று பயந்து, பெரியப்பா தன் தம்பி பெண்டாட்டியைப் போட்டார். அதாவது என் அம்மா சாமுண்டீஸ்வரியை. "சாமு எதுத்துப் பேசாது" என்பதுதான் அம்மாவின் தகுதி. அம்மாவை முன்மொழிய ஒரு வாக்காளர் கையெழுத்து வேண்டும் என்றபோது, "தேவி படிச்ச பொண்ணு, கையெழுத்து அழகா போடும்" என்று என்னை இழுத்துப் போனார். எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி என்னுடையது. பெரியப்பா அதற்குக் கொடுத்த முதல் மரியாதை அந்தக் கையெழுத்து.

நேற்று மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். தாரை தப்பட்டை, மயிலாட்டம், செல்ஃபி எல்லாம் முடிந்து பெரியப்பா மனுவை நீட்டியபோதே ராகுகாலம் வாசலுக்கு வந்துவிட்டது. மனுவைப் பார்த்து முடித்த தேர்தல் அலுவலர் அம்மா, அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்கிற உறுதிமொழித் தாளைத் தள்ளி, "வாசிங்க சார்" என்றார். பெரியப்பா உதட்டின் மேல் விரலை வைத்தார். அப்புறம் வருகிறேன் என்று கையாலேயே சொன்னார். ஊர்வலம் அவரை அள்ளிக்கொண்டு மாங்காட்டுக்குப் போய்விட்டது.

அவர் எழுந்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். அவளுக்கு யாரும் ராகுகாலம் பார்த்துச் சொல்லியிருக்கவில்லை. வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தாள். நடுவில் ஒரு வார்த்தை தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

சாயங்காலம் நான் பெரியப்பாவிடம் கேட்டேன். "அந்த உறுதிமொழிய எடுத்துட்டீங்களா?"

"அது ஜெயிச்சப்புறம் சட்டசபைல எடுக்கறதும்மா. டிகிரி படிச்சா மட்டும் போதாது," என்றார்.

அதோடு நான் விட்டுவிட்டேன். இனி வெள்ளிக்கிழமை.

தாலுகா அலுவலக வாசலில் புங்கமர நிழலில் பெரியப்பாவின் வெள்ளைக் கார் ஏ.சி. ஓட நின்றுகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் காலையில் வந்து மதியம் பன்னிரண்டுக்குத்தான் கிளம்பும். மனுப் பரிசீலனையோ அதற்கு முன்பே தொடங்கிவிடும். அரசாங்கத்துக்கு ஜாதகம் கிடையாது.

கார்க் கண்ணாடி இறங்கியது. பெரியப்பா அம்மாவைப் பார்த்து இரண்டு உள்ளங்கையையும் கீழே அழுத்திக் காட்டினார். பின் சீட்டிலிருந்து சம்பந்தம் மொழிபெயர்த்தார்.

"நீ போய் கம்முனு ஒக்காந்திரும்மா. அண்ணன் பன்னெண்டுக்கு மேல வந்து பாத்துக்குவாரு."

"நான் அங்க இன்னா பண்றது?" என்றாள் அம்மா.

பெரியப்பா மறுபடியும் உள்ளங்கையை அழுத்தினார்.

"ஒண்ணும் பண்ணாதன்றாரு."

அம்மா ஒன்றும் செய்யாமல் உட்காருகிற ரகம் கிடையாது. அவள் தையல்காரி. ஊர்க்காரர்களின் ஜாக்கெட்டும் ஃபிளாட்டுக்காரர்களின் ஜாக்கெட்டும் எங்கள் வீட்டில் ஒரே கொடியில்தான் தொங்கும். கைப்பையில் ஹூக் வைக்கவேண்டிய கருநீலப் பட்டு ஜாக்கெட் ஒன்றை எடுத்து வந்திருந்தாள். உள்ளே போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் என் நைனா வரதன். மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். அண்ணனின் தேர்தல் ஏஜெண்டாக இருப்பதற்காக லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையில் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தார்.

எதிரே ஜெகதீஷ். எதிர்க்கட்சி வேட்பாளர். நாமக்கல்லிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, தண்ணீர் லாரிக்காகச் சண்டை போட்டு, ஃபிளாட்டுக்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனவர். அம்மாவைப் பார்த்து வணக்கம் வைத்தார். அவர் மனைவி ரேஷ்மாவுக்கு அம்மாதான் தையல்.

அலுவலர் அம்மா ஒவ்வொரு மனுவாக எடுத்தார். பெரியப்பாவின் முறை வந்தது.

"கஜபதி. வந்திருக்காரா?"

"வெளிய கீறாருங்க," என்றார் நைனா.

"இவர் உறுதிமொழி எடுக்கவே இல்லையே."

ஜெகதீஷ் எழுந்தார். நேற்றே தயார் செய்துவைத்திருந்த முகம். "ஆட்சேபணை இருக்குங்க மேடம். உறுதிமொழி எடுக்காதவரோட மனுவை ஏத்துக்க சட்டத்துல இடமில்லை. அவகாசம் நேத்தோட முடிஞ்சுது."

நைனா வெளியே ஓடினார். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டினார். பெரியப்பா தன் வாட்ச்சைக் காட்டினார். நைனா கதவைத் திறந்து ஏதோ சொன்னார். பெரியப்பா தலையை ஆட்டினார். பிறந்ததிலிருந்து அண்ணன் சொன்னதைத் தட்டாத என் நைனா, அண்ணனின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். பெரியப்பா சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தம் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டார். எலுமிச்சம்பழம் உருண்டு காருக்கு அடியில் போனது. மூன்று பேரும் இழுப்பதை விட்டுவிட்டு அதைத் தேடினார்கள்.

வியர்த்து ஒழுக நைனா திரும்பி வந்தார். "பன்னெண்டுக்கு வர்றாராம்."

"இப்பவே வந்தாலும் பிரயோஜனம் இல்லைங்க," என்றார் அலுவலர் அம்மா. பாவம், அவருக்கே சங்கடமாக இருந்தது. "பரிசீலனைக்கு முந்தின நாளோட முடிச்சிருக்கணும். நேத்து சாயங்காலம் நாங்களே எத்தனையோ தடவை போன் போட்டோம். மேளச் சத்தம்தான் கேட்டுது."

பேனா ஒரு கோடு போட்டது. தள்ளுபடி.

நைனா நாற்காலியில் அப்படியே இறங்கினார். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு என் விலாவுக்குள் முட்டிக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம்.

"அதே கட்சி, மாற்று வேட்பாளர். சாமுண்டீஸ்வரி."

அம்மாவின் உதட்டில் ஊசி இருந்தது. அதை எடுத்து ஜாக்கெட்டில் குத்திவிட்டு, "கீறேங்க," என்றாள்.

"மனு சரியா இருக்கு. உறுதிமொழி எடுத்திருக்காங்க. ஆட்சேபணை யாருக்காவது இருக்கா?"

ஜெகதீஷ் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"ஏற்கப்பட்டது. பிரதான வேட்பாளர் மனு தள்ளுபடி ஆனதால கட்சியோட அங்கீகாரமும் சின்னமும் இவங்களுக்குப் போகும்."

சின்னம் மண்வெட்டி. அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாடி சொல்றாங்க?"

"நீதாம்மா வேட்பாளர்."

"மாமாவுக்குப் பதிலா நான் நிக்கணுமா? எவ்ளோ நேரம்?"

"அஞ்சு வருஷம்," என்றேன். "ஜெயிச்சா."

பெரியப்பா போட்டு விற்ற வீட்டு மனைகளைப் பற்றி, அடைத்துப்போன ஏரிக்கால்வாயைப் பற்றி ஜெகதீஷ் அச்சடித்து வைத்திருந்த நோட்டீஸ் எல்லாம் அந்த நிமிஷமே பழைய பேப்பர் ஆனது. ஆட்சேபணை சொல்லி அவரே கையைப் பிடித்து அழைத்து வந்த புது எதிராளி, மூன்றாவது வரிசையில் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாக எங்கள் பக்கம் குனிந்தார்.

"அக்கா, ரேஷ்மா கேக்கச் சொன்னா. ஜாக்கெட் ரெடியாயிடுச்சா?"

அம்மா கையிலிருந்த கருநீலத்தைத் தூக்கிக் காட்டினாள். "இதோ, ரெண்டு ஹூக்குதான் பாக்கி. சாயங்காலம் நானே எடுத்தாந்து தரேன்னு சொல்லுப்பா."

பன்னிரண்டு அடித்தது. ராகுகாலம் போனது. பெரியப்பா இறங்கினார்.

அவர் காலைத் தரையில் வைத்ததும் சரவெடி வெடிக்கவேண்டும் என்று முன்னாடியே ஏற்பாடு. வெடித்தது. கட்சிக்காரர்கள் சால்வையோடு ஓடிவந்தார்கள். "வருங்கால எம்.எல்.ஏ. அண்ணன் கஜபதி" என்று ஆரம்பித்த கோஷம், நாங்கள் மூன்று பேரும் படியிறங்கி வந்த விதத்தைப் பார்த்துப் பாதியில் தேய்ந்தது.

"இன்னாடா வரதா," என்றார் பெரியப்பா. ஒன்றரை மணி நேரம் மூடிவைத்த குரல் கரகரவென்று வந்தது. "எல்லாம் சரியா போச்சா?"

நைனா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். இவர் இன்றைக்குச் சொல்லி முடிக்கமாட்டார் என்று தெரிந்தது.

"உங்க மனு தள்ளுபடி, பெரிப்பா," என்றேன். "உறுதிமொழி எடுக்கலன்னு. அம்மா மனுவ ஏத்துக்கினாங்க. இப்ப கட்சி வேட்பாளர் அம்மாதான்."

கடைசி வெடி ஒன்று தாமதமாக வெடித்தது.

பெரியப்பா சம்பந்தத்தைத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தம் ஒரு அடி பின்னால் போனார். "நேரம் ஒண்ணும் தப்பலண்ணே. குடும்பத்துக்கு ராஜயோகம்னுதான நான் சொன்னேன். குடும்பத்துல யாருக்குன்னு கிரகம் சொல்லல."

சால்வையோடு வந்த பகுதிப் பிரதிநிதி பச்சையப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார். கொண்டுவந்த சால்வையைத் திருப்பிக் கொண்டுபோக அவருக்கு மனசு வரவில்லை. சட்டென்று அம்மாவுக்குப் போர்த்திவிட்டார். அம்மா அதன் ஓரத்தைத் திருப்பி மடிப்புத் தையலைப் பார்த்தாள்.

"பிரிஞ்சிகீது," என்றாள். "குடு, போட்டுத் தரேன்."

எங்கள் மனைக்கட்டில் இரண்டு வீடு. முன்னால் பெரியப்பாவின் மாடி வீடு. பின்னால் எங்கள் ஷீட் போட்ட வீடு. பஞ்சாயத்து எப்போதும் முன் வீட்டு ஹாலில்தான் நடக்கும். பெரியப்பா சோபாவில் இருப்பார், நாங்கள் நிற்போம். இன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"திங்கக்கெழம வரைக்கும் டைம் கீது," என்றார் பெரியப்பா. "வாபஸ் வாங்கிடு. நான் இல்லாத எலக்‌ஷன்ல இந்த ஊட்லேர்ந்து யாரும் நிக்க வேணாம்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைத்தான் நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது பெரியப்பாவின் போன் அடித்தது. மாவட்டச் செயலாளர். பதற்றத்தில் பெரியப்பா ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"யோவ் கஜபதி, வாபஸ் கீபஸ்னு எதாவது பண்ணே, தொகுதில நம்ம சின்னமே இருக்காது. தலைமைல கொதிச்சிப் போய்கீறாங்க. கேளு, அந்தம்மா யாரு? ஃபிளாட்டு பொம்பளைங்க எல்லாம் தெரிஞ்சவங்களாமே? உன்னவிட இது தேவலன்னு பேசிக்கிறாங்கய்யா. அது நிக்கட்டும். நீ கூட நில்லு."

போன் அணைந்தது. பெரியப்பா அதைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு அரசியல்வாதி ஆனார்.

"சரி. நில்லு சாமு," என்றார். குரலில் தேன். "பேருக்கு நில்லு. போஸ்டர்ல நான் பெருசா, நீ கீழ சின்னதா. மைக்ல நான் பேசறேன். நீ வண்டில கைகூப்பிகினு நின்னா போதும். ஜெயிச்சா ஆபீஸ்ல நான் ஒக்காந்துக்கறேன். கையெழுத்து போட மட்டும் உன்ன இட்டுகினு போறேன்."

"அப்ப அம்மா இன்னா, ரப்பர் ஸ்டாம்பா?" என்றேன்.

"பெரியவங்க பேசறப்ப நீ வாய மூடு. படிச்ச திமிரு."

"அத வாய மூடச் சொல்லாத அண்ணாத்தே," என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினோம். நைனா. தானே பேசியதில் அவருக்கே ஆச்சரியம். ஆனாலும் முடித்தார். "வாய மூடிகினு இருந்ததாலதான் இன்னிக்கு இங்க வந்து நிக்கறோம்."

பொன்னியம்மா பெரியம்மா சமையலறை வாசலில் நின்றபடி சிரித்துவிட்டாள். மறைக்கிற சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர. அலுவலகத்தில் சிரித்துவிடுவாள் என்று பயந்தாரே, அது சரியான பயம்தான்.

"இன்னாடி சிரிப்பு?"

"பேச வேண்டிய எடத்துல பேசாத ஆம்பளைக்கு இப்ப மைக் வேணுமாம்," என்றாள் பெரியம்மா. "சாமு, நீ சொல்லுடி. உனக்கு இஷ்டமா இல்லையா? இவுங்களப் பாக்காத. என்னப் பாத்து சொல்லு."

அம்மா தலையைத் தூக்கினாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு பெரியப்பாவையே பார்த்தாள்.

"மாமா, அந்தத் தாள்ல இன்னா எழுதிகீதுன்னு நீங்க படிக்கல. நான் ரெண்டு தடவ படிச்சேன். 'சாமுண்டீஸ்வரி ஆகிய நான்'னு ஆரம்பிக்குது. எனக்குப் பதிலா என் மாமான்னு எங்கயும் இல்ல."

அம்மா அதோடு நிறுத்தவில்லை.

"உங்க போட்டோவப் போடறேன். நீங்கதான் இந்த ஊட்டுக்குப் பெரியவரு. ஆனா பேசறது நான்தான். ஜெயிச்சா ஒக்கார்றதும் நான்தான். தோத்தா அதுவும் என்னுது."

இத்தனை நாள் இவள் பேசமாட்டாள் என்று நினைத்து நான் இவளுக்காகவும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். பேசத் தெரிந்த பெண்தான். யாரும் தாளை அவள் பக்கம் தள்ளவில்லை, அவ்வளவே.

பெரியப்பா எழுந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இது ராகுகாலம்கூட இல்லை. செருப்பை மாட்டினார், காரில் ஏறினார், சம்பந்தம் பின்னாலேயே ஓடினார். ஏறுவதற்கு முன் ஜோசியர் பழக்க தோஷத்தில் அம்மாவிடம் சொன்னார். "பிரசாரத்துக்கு நாளைக்குக் காலைல நல்ல நேரம்மா. இப்ப எமகண்டம் ஓடிகினு கீது."

"ஓடட்டும் ஜோசியரே," என்றாள் அம்மா. "நாங்க நடந்து போறோம். சாயங்காலம் ஜாக்கெட் தரேன்னு வாக்கு குடுத்துகீறேன். போற வழில அப்டியே ஓட்டு கேட்டுட்டு வந்துடறேன்."

அதுதான் எங்கள் முதல் பிரசாரம். திறந்த ஜீப் இல்லை, மைக் இல்லை. முன்னால் அம்மா, தோளில் ஜாக்கெட் பை. பக்கத்தில் பெரியம்மா, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில். பின்னால் நைனா தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார், ஹேண்டில்பாரில் ஒரு கொடி. எல்லாருக்கும் பின்னால் தேர்தல் கமிஷனின் வீடியோ குழு, இரண்டு பேர். வேட்பாளர் எதற்குச் சிரிக்கிறார் என்பதையும் பதிவு செய்துகொண்டு வந்தார்கள்.

ஏரிக்கரைத் தெரு திரும்பியதும் ஆக்னஸ் அக்கா ஓடிவந்தாள். மகளிர் குழுவில் அம்மாவின் கூட்டாளி. கையில் ஆரத்தித் தட்டு. பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள். எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் இந்தத் தெருவில் ஆரத்தி எடுப்பது இவர்கள்தான். எப்போதும் முதல் தட்டு அம்மாவுடையது.

ஆக்னஸ் அக்கா தட்டோடு வந்து நின்றாள். அம்மா சட்டென்று கையை நீட்டித் தட்டை வாங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். தட்டை உயர்த்தி, யாருக்குச் சுற்றுவது என்று இடமும் வலமும் தேடினாள்.



"யாரடி தேடறே?" என்றாள் ஆக்னஸ் அக்கா. "வேட்பாளரையா?"

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டோடு அப்படியே நின்று சிரிக்க ஆரம்பித்தாள். ஆரத்தித் தண்ணீர் தளும்பிப் புடவையில் சிந்தியது. தெருவே சிரித்தது. வீடியோ எடுத்தவரின் கை ஆடியது, அந்தக் காட்சி நிச்சயம் மங்கலாகத்தான் வந்திருக்கும். பெரியம்மா தட்டைப் பிடுங்கி, அம்மாவின் தோளைப் பிடித்துக் கிழக்கே பார்த்து நிறுத்தி, மூன்று சுற்று சுற்றி, நெற்றியில் அழுத்தமாகப் பொட்டு வைத்தாள்.

"தட்டுல போட என்னாண்ட ஒண்ணும் இல்லடி," என்றாள் அம்மா.

"கேமரா கீது. போட்டா உள்ள தள்ளிடுவான்," என்றாள் ஆக்னஸ் அக்கா. "நீ அந்தக் கால்வாயத் தொறந்து வுடு. மழைக்கு என் ஊட்டுக்குள்ள தண்ணி வராம இருந்தா போதும்."

"மண்வெட்டி சின்னம்தான வாங்கிகீறேன்," என்றாள் அம்மா. "நானே வந்து வெட்டறேன்."

அவ்வளவுதான் பேச்சு. பெரியப்பா இதே இடத்தில் போன தேர்தலுக்கு ஒரு மணி நேரம் பேசியது எனக்கு நினைவு இருக்கிறது. அன்றைக்கு ஒரு பெண்கூட வாசல் தாண்டி வரவில்லை. இன்றைக்கு நாங்கள் தெருவைத் தாண்டும்போது பின்னால் முப்பது பேர் வந்தார்கள். நைனா மொபெட்டைத் தள்ளியபடி மூக்கை உறிஞ்சினார். கேட்டால் தூசி என்றார்.

தெரு முடிந்த இடத்தில் ஃபிளாட். நீலக் கேட், நாலு பிளாக், ஜெகதீஷின் கோட்டை. காவலாளி எங்களைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் சல்யூட் அடித்தார். ரேஷ்மா கேட்டிலேயே காத்திருந்தார்.

அம்மா பையிலிருந்து கருநீல ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள். வீடியோ குழு சட்டென்று இரண்டு அடி முன்னால் வந்தது.

"அம்மா, ஓட்டுக்கு ஜாக்கெட் குடுத்தேன்னு கேஸ் போட்டுடுவாங்க," என்றேன்.

ரேஷ்மா கேமராவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். "துணி என்னோடது சார். தையல்தான் இவங்களோடது. கூலி முன்னாடியே குடுத்தாச்சு." பிறகு கைப்பகுதியைத் தடவிப் பார்த்தார். "அளவு சரியா இருக்குமாக்கா?"

"உன் வூட்டுக்காரரு ஜெயிச்சா போட்டுக்கறதுக்குன்னு சொன்னியே, அந்த ஜாக்கெட்தான இது?" என்றாள் அம்மா. "நல்லாதான் தெச்சிகீறேன். ஓட்டு மட்டும் எனக்குப் போட்டுடு."

ரேஷ்மா சிரித்தார். "அதை மெஷின்கிட்டதான் சொல்லுவேன்." பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அம்மாவைக் கேட்டுக்குப் பக்கவாட்டில் இழுத்துப் போனார். நானும் போனேன். குரலைத் தாழ்த்தினார்.

"இவ்வளவு அழகா தெச்சிருக்கீங்க, அதனால சொல்றேன். உங்க வீட்டுப் பெரியவர் எங்க ஹால்லதான் உக்காந்திருக்கார்."

"யாரு, மாமாவா?" என்றாள் அம்மா.

"வெள்ளைக் கார்ல வந்தார். முதல்ல ரொம்ப நேரம் காருக்குள்ளயே இருந்தார். ஏதோ கண்டம் முடியணுமாம். அப்புறம் மேல வந்தார். இவரும் அவரும் கதவைச் சாத்திட்டுப் பேசறாங்க. காபி குடுக்கப் போனேன், நான் உள்ள போனதும் பேச்சை நிறுத்திட்டாங்க."

நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஆக்னஸ் அக்காவிடம் கொடியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததில்லை. இப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நிமிர்ந்து அந்த பிளாக்கை ஒருமுறை மேல்வரை பார்த்தாள்.

"உங்க ஊடு எந்த மாடிம்மா?"

"மூணாவது."

"அப்ப கீழேர்ந்தே வரோம்," என்றாள் அம்மா. "ஒவ்வொரு கதவா தட்டிகினே. உங்க ஊட்டையும் வுடக்கூடாது இல்ல, அதுலயும் ஓட்டு கீதே."

கேட் திறந்தது. பெரியம்மா முதல் அழைப்பு மணியை அழுத்தினாள். மேலே மூன்றாவது மாடியில், மூடிய கதவுக்குப் பின்னால், பெரியப்பா வாயைத் திறந்து பேசிக்கொண்டிருந்தார்.